பிளஸ் டூ பையன், சனிக்கிழமை சம்பளம், டிபன் பையில் கூல் லிப்: என்ன செய்வது?

பவர்டேபிள் (திருப்பூர்)
15 ஆகஸ்ட் 2021

வணக்கம்ங்க. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருக்கிறேன். வீட்டுக்காரர் அயர்னிங். ஒரே பையன், வயசு 17. செப்டம்பர் 1-ல் பள்ளிக்கூடம் திறக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அவன் பிளஸ் டூ. அதற்குள் ஒரு வழி தெரிய வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் மார்ச்சில் பத்தாவது பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தான். கொரோனாவால் பரீட்சை தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஜூன் 9-ம் தேதி எல்லாரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். அன்றோடு புத்தகத்தை மூடியவன்தான். பிளஸ் ஒன் முழுசுக்கும் அவன் பள்ளிக்கூடப் படி ஏறியது இந்த பிப்ரவரி 8-லிருந்து மார்ச் 21 வரைக்கும். ஆறு வாரம். மீதியெல்லாம் போனில். அந்தப் போனைத் தவணையில் வாங்கினோம், தவணை கட்ட அவனைக் கைமடி (டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற உதவியாள்) வேலைக்கு அனுப்பினோம். அனுப்பினோம் என்ன, நான்தான் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். என் கம்பெனி இல்லை, வேறு கம்பெனி. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பான். சனிக்கிழமை சம்பளம்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு வந்தான். "சாப்பிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சோம்பு வாசம், அதுக்கு அடியில் இன்னொரு வாசம். காலையில் டிபன் பையைக் கழுவ எடுத்தால் அடியில் ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் பொம்மைக்குத் தைத்த தலையணை மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. மிட்டாய் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் "அக்கா, இது கூல் லிப், உதட்டுக்குள்ள வைக்கிறது, புகையிலை" என்றது. அவன் தூங்கும்போது கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தேன். ஈறு ஓரம் வெந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

கேட்டதற்கு, "எல்லாரும் வைக்கிறாங்க, நைட்டு தூக்கம் வராது" என்றான். குடிக்கிறாயா என்றேன். "சனிக்கிழமை ஒரு கட்டிங், அவ்ளோதான்." அவ்ளோதானாம்.

அவன் அப்பாவிடம் சொன்னால் அடி விழும். வேலையை நிறுத்தினால் தவணை நிற்கும். செக்கிங்கில் இருக்கிற ஒரு அக்கா, சோற்றில் கலக்கிற பொடி ஒன்று இருக்கிறது, 1,500 ரூபாய், தெரியாமல் கொடுத்தால் தானாக விட்டுவிடுவான் என்று விலாசம் கொடுத்திருக்கிறது. வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு மாமா
15 ஆகஸ்ட்

அம்மிணி, 17 வயசில் கையில் காசு கொடுத்ததே தப்பு. அப்பனிடம் சொல்லி நாலு வைக்கச் சொல்லுங்க. இல்லையா, ஒரு மாசம் ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பி ஆடு மேய்க்க விடுங்க. பொடியும் வாங்கிக் கொடுங்க. எங்க வீதியில் ஒருத்தருக்கு நின்றுபோச்சு.

மருந்துக்கடை (ஈரோடு)
15 ஆகஸ்ட்

பொடி வேண்டாம். 20 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவே மாட்டான். சிலர் டைசல்பிராம் மாத்திரையைத்தான் பொடித்து விற்கிறார்கள். அது டாக்டர் பார்த்து, குடிப்பவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுக்கிற மருந்து. உள்ளே அது இருக்கும்போது சாராயம் இறங்கினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். உங்கள் பையனுக்குத் தான் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாது. வழக்கம்போல சனிக்கிழமை கட்டிங் போடுவான்.

மாமாவின் வீதியில் நின்றது எதனால் நின்றதோ.

சரி, இன்னொன்று. போன வருஷம் மார்ச் 24 சாயங்காலத்தோடு டாஸ்மாக் மூடியதும் என் கடைக்கு வந்த கூட்டம் எனக்குத்தான் தெரியும். மீசை முளைக்காத பையன்கள் "அக்காவுக்குத் தூக்கம் வரலண்ணா" என்று மாத்திரை கேட்டார்கள். சீட்டு எங்கே என்றால் நழுவிவிடுவார்கள். இருமல் மருந்து நாலு பாட்டில் கேட்டவன் ஒருமுறைகூட இருமவில்லை. அந்த ஏப்ரலில்தான் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மீனவர்கள் ஷேவிங் லோஷனைக் கூல்டிரிங்ஸில் கலந்து குடித்து உயிரை விட்டார்கள். ஜூலைக் கடைசியில் ஆந்திரா குறிச்சேடுவில் சானிடைசர் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் போனார்கள். கடையை மூடினால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான்.

மாத்திரை, பஞ்சர் சொல்யூஷன், தின்னர் மாதிரி ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேளுங்கள். 2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இந்த மோந்து பார்ப்பதுதான். பெரியவர்கள் 0.58 சதவீதம், 10-லிருந்து 17 வயசுக்காரர்கள் 1.17. குடியோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். போதையில் வந்து படுத்தால் மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

அப்புறம், கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்: வீட்டில் வேறு யாராவது குடிப்பார்களா?

கணக்கு டீச்சர்
16 ஆகஸ்ட்

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். பிப்ரவரியில் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் 9 பையன்கள் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். ஏழு பேர் பனியன் கம்பெனியில், ஒருவன் ஒர்க்‌ஷாப்பில், ஒருவன் மாமாவோடு லாரியில்.

ஆறு பேர் திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவனை மறக்க முடியவில்லை. இடைவேளையில் டீக்கடைக்காரரை வகுப்பு வாசலுக்கே வரவழைத்து, மொத்த பெஞ்சுக்கும் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தான். 500 ரூபாய் நோட்டை நீட்டினான். நான் வழக்கம்போல "என்னடா இது" என்று அதட்டினேன். அவன் முகம் சுருங்கிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வருஷமாக வீட்டு வாடகையில் பாதி கட்டியவன் அவன். கம்பெனியில் 40 வயசுக்காரர்கள் "வா மச்சான்" என்று பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். நான் "டா" போட்டுப் பெஞ்சில் ஏற்றினேன். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டான். தப்பு என்னுடையது என்றே நினைக்கிறேன்.

அதனால் எனக்குத் தோன்றுவது: பாட்டிலைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். அவன் கொண்டுவரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள். எவ்வளவு வருகிறது, எதற்குப் போகிறது, தவணை எத்தனை பாக்கி என்று பெரிய மனுஷனிடம் கேட்கிற மாதிரி கேளுங்கள். கட்டிங் அவனுக்குச் சாராயமாக மட்டும் தெரியவில்லை, சம்பாதிக்கிற ஆம்பிளை என்கிற அடையாளமாகத் தெரிகிறது.

மாமா சொன்ன அடி எதற்கும் ஆகாது. அடிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவருக்கு டாஸ்மாக்கில் விற்கக் கூடாது. 18 ஆகாத பிள்ளைக்குச் சரக்கோ புகையிலையோ கொடுத்தால் 2015-ம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவில் ஏழு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். ஊற்றிக் கொடுக்கிற கான்ட்ராக்டருக்கு இது தெரியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.

பவர்டேபிள்
17 ஆகஸ்ட்

மருந்துக்கடை அண்ணா கேட்டதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. பொடி வாங்கவில்லை.

வீட்டுக்காரர் குடிப்பார். தினமும் இல்லை என்று எழுத வந்தேன், அழித்துவிட்டேன். தினமும்தான்.

போன வருஷம் கடை மூடியிருந்த 40 நாளும் எங்கள் வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. முதல் வாரம் கை நடுங்கி, வியர்த்து, தூங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தெளிந்து, பையனோடு தாயம் ஆடினார். மே 7-ம் தேதி கடை திறந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் குடையோடு வந்தால்தான் சரக்கு என்று சொல்லியிருந்தார்கள், இடைவெளி விட்டு நிற்பதற்காக. எங்கள் வீட்டில் இருந்த ஒரே குடை பையன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது. இவர் வேலைக்குப் போய்விட்டு வரும்வரை வரிசையில் இடம் பிடிக்க அவனை நிற்கவைத்தார். பத்தாவது பரீட்சை எழுத வேண்டிய பையன் அந்த வெயிலில் இரண்டு மணி நேரம் குடை பிடித்து நின்று, அப்பா வந்ததும் குடையைக் கைமாற்றிவிட்டு வந்தான். இரண்டே நாளில் கோர்ட் மூடச் சொல்லி, 16-ம் தேதி மறுபடி திறந்தார்கள். அப்போதும் அதே குடை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக் கொடுக்காவிட்டால் ராத்திரி சண்டை வரும் என்று சும்மா இருந்தேன்.

முன்னாள் கைமடி
17 ஆகஸ்ட்

அக்கா, எனக்கு 23. நானும் 16-ல் கைமடியாகப் போனவன்தான். கொரோனாவுக்கு முன்னாடியே. எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சம்பளக் கவர் வாங்கி வாசலுக்கு வந்தால் டெய்லர் அண்ணன்கள் சரக்கு வாங்கக் காசு போட்டு செட்டு சேர்ப்பார்கள். ஆளுக்கு நாற்பது, ஐம்பது. தர மாட்டேன் என்றால் திங்கட்கிழமை உங்களுக்கு மட்டும் துணி தாமதமாக வரும், பிசிர் சரியில்லை என்று திட்டு விழும். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், ஆனால் கட்டாயம்தான். இந்த மே 10-லிருந்து ஜூலை 5 வரை நம் மாவட்டத்தில் கடை இல்லை. ஆனால் கர்நாடகா குவார்ட்டர் சந்துக்கடையில் (திருட்டுத்தனமாகச் சரக்கு விற்கிற இடம்) மூணு மடங்கு விலைக்கு ஓடியது. செட்டுத் தொகைதான் ஏறியது.

புத்திமதி ஒன்றும் வேலைக்கு ஆகாது. அந்த ஒரு மணி நேரம்தான். சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். திட்ட வேண்டாம். மளிகை வாங்கணும், வண்டியில் வா என்று கூப்பிடுங்கள். அம்மா வந்து நிற்கிறது என்றால் செட்டுக்காரர்களே "நீ போ தம்பி" என்பார்கள். எனக்கு அப்படி யாரும் வந்து நிற்கவில்லை, 21 வயசு வரை இழுத்தது.

மருந்துக்கடை (ஈரோடு)
18 ஆகஸ்ட்

எழுதியதற்கு நன்றிம்மா. அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அப்பா பையன் இரண்டு பேரையும் காட்டலாம். பணம் கேட்க மாட்டார்கள். அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு அடித்தும் கேட்கலாம். உங்கள் வீட்டுக்காரர் திடீரென்று தானாக நிறுத்தாமல் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துவது நல்லது. கை நடுக்கம் என்று நீங்கள் எழுதியது சாதாரண விஷயம் இல்லை, சிலருக்கு வலிப்பு வரும். பையன் ஈறை ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பவர்டேபிள்
22 ஆகஸ்ட்

நேற்று ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு அவன் கம்பெனி வாசலுக்குப் போனேன். ஆறேகாலுக்கு நாலு பேரோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் கூச்சம். கூட இருந்த ஒருத்தர் அந்தத் தம்பி சொன்ன மாதிரியே "அம்மா வந்திருக்காங்க, போ" என்றார். அவருக்கும் என் வயசுதான் இருக்கும். சட்டமெல்லாம் பேச வாய் வரவில்லை.

மளிகைக் கடையில் வைத்து, தவணை எத்தனை பாக்கி என்று கேட்டேன். டக்கென்று "மூணு" என்றான். அவன்தான் கணக்கு வைத்திருக்கிறான், எனக்கே தெரியாது. கவரை என் கையில் கொடுத்து, 200 மட்டும் எடுத்துக்கொண்டான். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. டப்பா இன்னும் பையில்தான் இருக்கிறது, மூன்று உருப்படி குறைந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

வீட்டுக்காரரிடம் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தேன். "அவனைக் கூட்டிட்டுப் போ" என்றார். "குடை பிடிச்சது யாருக்கு" என்று கேட்டுவிட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி குடிக்காமல்தான் வந்தார், ஒரு நாள்தானே, தெரியாது.

பள்ளிக்கூடம் 1-ம் தேதி உறுதியாகிவிட்டது. டீச்சர், ஒன்று கேட்கணும். மூணு தவணை முடியும்வரை சாயங்காலம் அரை ஷிப்ட் மட்டும் போகிறேன் என்கிறான். விடலாமா? பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகம் பள்ளியில் கொடுத்துவிட்டார்களா, இல்லை நாங்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமா?