குழந்தை ஏதோ சொல்ல வந்து, நாம் கவனிக்காமல் விட்ட அனுபவம் உண்டா?

தாமரைக்குளம்:
நான் ஆசிரியை. நாலாம் வகுப்புப் பெண் அவள். மணி அடித்து எல்லாரும் போன பிறகும் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே நின்றாள். "மிஸ், மாமா வர்ற அன்னைக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா?" அவ்வளவுதான் கேட்டாள். கையில் திருத்த வேண்டிய நோட்டுக்கட்டு. சிரித்துக்கொண்டே, "அம்மா தேடுவாங்கல்ல, ஓடு" என்றேன். ஜிப் சத்தம் நின்றது. விஷயம் வெளியே வந்தது இரண்டு வருடம் கழித்து, வேறொருவர் மூலமாக. பயிற்சி வகுப்பில் 'அறிகுறிகள்' என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவள் நான்.

இரவுப்பறவை:
எனக்கு 9 வயதில். டியூஷன் சார். அதை விடுங்கள். 31 வயதில்தான் முதன்முதலாக நண்பன் ஒருவனிடம் சொன்னேன். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணி பிடித்த கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. "ஆம்பளைப் பையனுக்கு என்னடா ஆயிடும்?" என்றான். யூனிசெஃப் 2024ல் வெளியிட்ட மதிப்பீட்டில், 18 வயதுக்குள் பலாத்காரத்துக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளான ஆண்கள் உலகம் முழுக்க 24 முதல் 31 கோடி. பதினோரு பேரில் ஒருவர். பெண்களில் எட்டில் ஒருவர், 37 கோடிக்கும் மேல். அவனுக்கு இதை அனுப்பலாமா என்று பலமுறை டைப் செய்து அழித்திருக்கிறேன்.

நேர்ப்பேச்சு:
எட்டில் ஒருவர் என்பதை நம்ப முடியவில்லை. ஆபாசமாகப் பேசியதையெல்லாம் சேர்த்திருப்பார்கள். அப்படியென்றால் போலீஸில் ஏன் அத்தனை வழக்கு இல்லை? சத்தம் போட்டால் பாதி தடுக்கலாம். என் பிள்ளைகளுக்குக் கத்தத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம்படி:
நேர்ப்பேச்சு, பேச்சு, இணையத் தொல்லை எல்லாம் சேர்த்தால் அதே மதிப்பீட்டில் பெண்களில் ஐந்தில் ஒருவர், 65 கோடி. எட்டில் ஒன்று என்பது அதெல்லாம் சேராத கணக்கு. போலீஸில் இருப்பது புகார் கொடுத்தவர்களின் எண்ணிக்கை மட்டும். மேலே ஒருவர் 22 வருடம் கழித்துச் சொல்கிறாரே, அவர் எந்த வழக்கில் இருக்கிறார்?

கத்துவது பற்றி: எனக்கு அப்போது கராத்தேயில் பச்சை பெல்ட். ரயிலில் அவன் கை பட்டதும் என் கை எழவே இல்லை. டிக்கெட்டில் இருந்த எண்ணையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் உடம்பு தானாக உறைந்துபோவது அது. நாம் முடிவெடுத்துச் செய்வதில்லை. கத்தச் சொல்லிக்கொடுத்த பிள்ளை கத்த முடியாமல் போனால், தன் தப்பு என்றுதான் நினைக்கும்.

அப்புறம், எல்லாருக்கும் சொல்கிறேன். 'அந்நியரிடம் பேசாதே' போதாது, பெரும்பாலும் செய்வது தெரிந்தவர்கள்தான். உடல் உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பிடிக்காதபோது யாரையும் கட்டிப்பிடிக்கச் சொல்லாதீர்கள், தாத்தாவாக இருந்தாலும். குழந்தை சொன்னால் "நம்புறேன், உன் மேல தப்பில்ல" என்பது முதலில் வரட்டும். குறுக்கு விசாரணை வேண்டாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். குழந்தையின் வார்த்தையிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள். அப்புறம் டாக்டர், போலீஸ்.

தாமரைக்குளம்:
மூன்றாம்படி, நான் அறிவுரை கேட்கவில்லையே. நீங்கள் எழுதிய அத்தனையும் அன்றைக்கே எனக்குத் தெரியும். அவள் அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை, அதுதான். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் வழியில் பார்த்து "மிஸ்!" என்று ஓடி வந்தாள். என் கண் நேராக அவள் பையின் மேல்தான் போனது.