சீரியலில் கன்டினியூட்டி பார்க்கும் வேலை எப்படி?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு முடித்துவிட்டுத் திருச்சியில் சும்மா இருக்கிறேன். சென்னையில் ஒரு தொடருக்கு உதவி இயக்குநராகக் கூப்பிடுகிறார்கள். கன்டினியூட்டி பார்க்கணுமாம், அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் எதுவும் மாறாமல் கவனிக்கணுமாம். எழுத்து வேலையா, ஓடுகிற வேலையா?

பதில் 1:
இரண்டும்தான் தம்பி. ஆறு வருடம் பார்த்தேன். ஹால் காட்சியை இன்று எடுப்பார்கள், அதே காட்சியின் வாசல் பகுதியை எட்டு நாள் கழித்து. புடவை எது, எந்தக் கையில் எத்தனை வளையல், டம்ளரில் காபி எவ்வளவு, எல்லாம் உன் நோட்டில் இருக்கணும். ஒருமுறை தாலிச் சரடு வெளியே கிடந்ததைக் குறிக்க மறந்தேன். எடிட்டிங்கில் பார்த்தால் ஷாட்டுக்கு ஷாட் தாலி உள்ளே போய் வெளியே வருகிறது! அரை நாள் ரீஷூட். இயக்குநர் திட்டவில்லை, மூன்று நாள் பேசவே இல்லை. திட்டியிருக்கலாம்.

பதில் 2:
இப்போதுதான் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாமே?

பதில் 1:
எடுக்கலாம். போட்டோவில் டம்ளர் தெரியும், எந்த வசனத்தில் தூக்கினார் என்று தெரியாதே. நோட்டை விடாதே.

பதில் 3:
டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி டிவியில் ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அரை மணி ஸ்லாட்டில் மிச்சமுள்ள இருபது சொச்ச நிமிடத்துக்குத் தினமும் காட்சி வேண்டும். அந்த அவசரம்தான் செட்டில் எல்லோர் தலையிலும். பேட்டா (தினப்படி) எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்று முதல் நாளே கேட்டுவிடு.

கேட்டவர்:
சரி அண்ணா. நாளைக்கே நோட்டு வாங்குகிறேன்.

பதில் 1:
இரண்டாக வாங்கு. ஒன்றை மேக்கப் ரூமில் யாராவது சுட்டுவிடுவார்கள்.