புதுக்கோட்டைச் சைக்கிளும் தண்ணீர்க் குடமும்

கீரனூர் மாலதி:
சத்துணவு முட்டை பற்றிய இழையில் தஞ்சைத் தணிகாசலம் ஐயா போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "புதுக்கோட்டை அறிவொளியால் குடும்பங்களுக்கு விளைந்தது ஒன்றுதான். அதுவரை சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்த ஆண்கள் அந்த வேலையையும் பெண்களிடம் தள்ளிவிட்டார்கள்."

மூன்று நாட்களாக இந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தின் தொண்டர். 1991-இல் எனக்கு 19 வயது. ஒரு பைசா சம்பளம் கிடையாது. பகலெல்லாம் களை பறித்துவிட்டும் குவாரியில் கல் உடைத்துவிட்டும் வந்த பெண்களை இரவு எட்டு மணிக்குக் கோயில் திண்ணையில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு அரிக்கேன் விளக்கு, அதைச் சுற்றி 14 பேர். சம்மட்டி பிடித்துப் பழகிய கை அழுத்தினால் பலப்பம் ஒடிந்துவிடும். ஒரு வாரம் பலப்பம் ஒடிப்பதிலேயே போயிற்று. அந்த 14 பேரில் 11 பேர் நான்கு மாதத்தில் ரேஷன் கடையில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைப் பற்றித்தான் ஐயா ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

1992 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒன்றரை ஆண்டுக்குள் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வரும் ஊரில், ஆண் துணை இல்லாமல் ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போக முடியாத பெண்ணுக்கு எழுத்து மட்டும் போதாது. இதெல்லாம் தெரியாதவர்கள் குடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தஞ்சைத் தணிகாசலம்:
அம்மா, எனக்குத் தெரியாது என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ள வேண்டாம். 31 ஆண்டுகள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் நான். திட்டங்கள் மேலே எப்படிப் புறப்படுகின்றன, கீழே எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். மேடை, மாலை, கைதட்டல் எல்லாம் நடந்தது. 19 ஆண்டுகள் கழித்து, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 77 சதவீதம். பெண்களில் சுமார் 69 சதவீதம். முழுமை எங்கே போயிற்று?

அது இருக்கட்டும். நான் கேட்டது குடத்தைப் பற்றி. சைக்கிள் இருந்த வீடுகளில், தூரத்துக் கிணற்றுத் தண்ணீரை 1991-க்கு முன்னால் கொண்டுவந்தது யார்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கீரனூர் மாலதி:
பெண்கள்தான் கொண்டுவந்தார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. இதில் என்ன சந்தேகம்?

கணக்கெடுப்பு எண்ணை நீட்டுகிறீர்கள். இயக்கம் குறிப்பிட்ட வயதுக்காரர்களை இலக்காக வைத்து நடந்தது. கணக்கெடுப்பு ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எண்ணுகிறது, கிழவிகள் உட்பட. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர் 31 ஆண்டுகள் என்ன கணக்கு எழுதினார் என்று தெரியவில்லை.

செல்வன்_கரூர்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். குடும்ப நலம் என்று எதைச் சொல்கிறோம்? வருமானமா, உடல்நலமா, குழந்தைகளின் படிப்பா, வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதா? முதலில் இதை வரையறுத்துக்கொண்டால் விவாதம் ஒழுங்காக நகரும்.

தஞ்சைத் தணிகாசலம்:
பெண்கள்தான் கொண்டுவந்தார்களாம். நான் சைக்கிள் இருந்த வீடுகளைப் பற்றிக் கேட்டேன். என் அக்காவைத் திருமயம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டிலிருந்து நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றரை மைல். அத்தான் தினமும் விடியற்காலையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்து வருவார். அந்த வீட்டில் அவர் செய்த ஒரே வேலை அதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1992-இல் அக்கா சைக்கிள் பழகினாள். மறு மாதத்திலிருந்து அத்தான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீர் அவள், சந்தை அவள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவள், பிறகு நடவுக்கும் அவள். நான் கண்ணால் பார்த்தேன். எந்த ஊர்வலமும் இதைப் பார்க்கவில்லை.

அன்னவாசல் ஆறுமுகம்:
எங்கள் அப்பா வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த ஒன்றிரண்டு ஆண்டுகள் கடையில் வண்டி நிற்கவே நிற்காது. ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: பெண்கள் விரும்பிக் கேட்டது ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான். முன்னால் பார் இருந்தால் பிள்ளையை அதில் உட்காரவைத்துக்கொள்ளலாம், பின்னால் கேரியரில் சுமை வைத்துக்கொள்ளலாம். லேடீஸ் சைக்கிளில் அந்த வசதி இல்லை.

கீரனூர் மாலதி:
ஆறுமுகம் தம்பி, விரும்பிக் கேட்டார்கள் என்பது பாதிதான் சரி. லேடீஸ் சைக்கிள் கிடைக்கவே இல்லை என்பது மீதி. கிடைத்ததை எடுத்துக்கொண்டோம், பிறகு பாரின் பயன் தெரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டுப் பழகிய முதல் நாள் என் முழங்கால் இரண்டும் கிழிந்தன. அது விருப்பத்தால் வந்த காயம் இல்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வாடகைக் கடைக்காரர் ஒருவர் பெண்களுக்கு வண்டி தரமாட்டேன் என்று முதல் மாதம் முழுவதும் திருப்பி அனுப்பினார். "பொம்பளை ஓட்டின வண்டியை நாளைக்கு எவன் எடுப்பான்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கடைக்காரர்கள் எல்லோரும் இயக்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியதுபோல் எழுத வேண்டாம்.

அன்னவாசல் ஆறுமுகம்:
அக்கா, என் அப்பா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. வேறு யாரோ செய்ததற்கு என் அப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்? பஞ்சர் ஒட்டியதற்குக்கூடப் பெண்களிடம் காசு வாங்காமல் விட்டவர் அவர். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

கீரனூர் மாலதி:
உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை. "ஒருவர்" என்று எழுதியிருக்கிறேன்.

தணிகாசலம் ஐயா, உங்கள் அத்தான் திண்ணையில் உட்கார்ந்ததற்கு அறிவொளி இயக்கமா பொறுப்பு? மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்கள். உங்களுக்குத் தெரிந்தது ஒரு அத்தான். ஒரு அத்தானை வைத்து ஒரு மாவட்டத்தையே அளக்கிறீர்கள். முட்டை இழையிலும் இதையேதான் செய்தீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முட்டை அழுகியிருந்ததை வைத்துச் சத்துணவே வீண் என்றீர்கள்.

சைக்கிள் வந்த பிறகு எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பேதியில் துவண்டுபோன குழந்தையைத் தாயே பாரில் துண்டு சுற்றி உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அதற்கு முன் வீட்டுக்காரன் எப்போது வருவான், பஸ் எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்துதான் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை எப்படித் தயாரிப்பது என்பதையும் அதே திண்ணையில்தான் சொல்லிக்கொடுத்தோம். கத்தரிக்காயைத் தரகரிடம் கொடுக்காமல் தானே சந்தைக்குக் கொண்டுபோனவள், விற்ற காசைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அடகுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டு நகையைக் கொடுத்தாள். கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். கூலிக்குக் கல் உடைத்தவர்கள் கணக்கு நோட்டுப் பிடித்தார்கள். இதெல்லாம் குடும்ப நலம் இல்லையென்றால் வேறு எதுதான் குடும்ப நலம்?

செல்வன்_கரூர்:
நானும் அதைத்தான் கேட்டேன்.

தஞ்சைத் தணிகாசலம்:
இத்தனை வரிகள் எழுதியும் குடத்துக்குப் பதில் இல்லை. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் அவள்தானே? கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு போனவளும் அவள்தானே? நீங்கள் அடுக்குவது எல்லாம் என் கட்சிக்குத்தான் சாட்சி. வீட்டிலிருந்த ஆணுக்கு ஒரு நாளாவது வகுப்பு எடுத்தீர்களா? பொண்டாட்டி சைக்கிள் பழகினாள், நீ அடுப்படிக்குப் போ என்று எந்தத் தெருமுனை நாடகத்திலாவது சொன்னீர்களா? பெண்ணுக்கு மட்டும் பாடம் நடத்தினால் வேலையும் பெண்ணிடம்தான் வந்து சேரும்.

குவாரிக் குத்தகையைச் சொன்னீர்கள். அது எத்தனை காலம் அந்தப் பெண்களின் கையில் இருந்தது என்பதையும் எழுதியிருக்கலாம்.

நெல்லூர் வசந்தா:
திருமணமாகி நெல்லூருக்கு வந்து 28 ஆண்டுகள் ஆகின்றன. எல்லோரும் புதுக்கோட்டையையே பேசுகிறீர்கள். எழுத்தறிவு வகுப்பு ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்று பார்க்க நெல்லூருக்கு வாருங்கள். எங்கள் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில், பாடப்புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதையைப் படித்த பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992-இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தையே தடை செய்தது. சைக்கிள் ஓட்டியதைவிட இது பெரிய காரியம். குடிகாரன் கையிலிருந்து கூலியைக் காப்பாற்றினால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

தஞ்சைத் தணிகாசலம்:
ஆந்திராவில் 1997-இல் மதுவிலக்கையே எடுத்துவிட்டார்கள், அம்மா. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நெல்லூர் வசந்தா:
நான் சொன்னது சாராயத் தடை. நீங்கள் சொல்வது 1995-இல் வந்த முழு மதுவிலக்கு. இரண்டும் வேறு. வேறுபாடு தெரியாமல் திருத்த வருகிறீர்கள்.

கீரனூர் மாலதி:
வசந்தா, சாராயத்தை எதிர்த்தது பெரிய காரியம்தான். ஆனால் சைக்கிளைவிடப் பெரியது என்று எதற்காக எழுத வேண்டும்? குடிகாரக் கணவனிடமிருந்து நள்ளிரவில் தப்பித்துத் தாய் வீட்டுக்குத் தானே சைக்கிள் மிதித்து வந்த பெண்ணை எனக்குத் தெரியும். அவள் என் வகுப்பில் படித்தவள். அவளிடம் வந்து எது பெரிது என்று கேளுங்கள்.

நெல்லூர் வசந்தா:
நான் யாரையும் குறைத்துப் பேசவில்லை. தமிழ்நாட்டில் நடந்தால் மட்டும்தான் வரலாறு என்ற நினைப்புக்குப் பதில் சொன்னேன். 1990-இல் எர்ணாகுளம் முதலில் முழு எழுத்தறிவு மாவட்டமானது என்பதையும் உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அன்னவாசல் ஆறுமுகம்:
மாலதி அக்கா இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிய கடை அன்னவாசலில் இருந்ததா, கீரனூரில் இருந்ததா? ஊரைச் சொன்னால் என் மனம் ஆறும்.

கீரனூர் மாலதி:
கடைக்காரரின் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். பேத்தி ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகிறாள். உங்கள் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டேன், விடுங்கள் தம்பி.

தணிகாசலம் ஐயா, ஆணுக்கு வகுப்பு எடுத்தீர்களா என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் ஆண்களுக்கும் வகுப்பு நடந்தது. முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் மூன்று பேர், மூன்றாம் வாரம் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த தொண்டர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்ணிடம் எழுத்துக் கற்பதா என்று வீம்பு பிடித்தவர்களைக் கயிறு கட்டியா இழுத்துவர முடியும்? வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

தலையில் இரண்டு குடம் சுமந்து ஒன்றரை மைல் நடப்பதும், கேரியரில் கட்டி மிதித்து வருவதும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறதா? என் அம்மாவுக்கு 40 வயதில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. எனக்கு இப்போது 50-ஐத் தாண்டிவிட்டது, கழுத்து நேராக இருக்கிறது. இதற்குமேல் குடத்துக்கு என்ன பதில் வேண்டும்? உங்கள் அக்காவிடமே கேளுங்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் நடக்கச் சம்மதமா என்று கேட்டு, அவர் சொல்வதை இங்கே அப்படியே எழுதுங்கள்.

தஞ்சைத் தணிகாசலம்:
அக்கா 2014-இல் போய்விட்டாள். அந்தச் சைக்கிள் என் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. குடம் மாட்ட இரண்டு பக்கமும் வைத்த கம்பிகூட அப்படியே இருக்கிறது. பழைய இரும்புக்காரன் இரண்டு முறை கேட்டான். கொடுக்கவில்லை.

கீரனூர் மாலதி:
வருந்துகிறேன், ஐயா. அவர் காலமானது எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கம்பியை வைத்துக் கொடுத்தது யார்?

தஞ்சைத் தணிகாசலம்:
அவளே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் வைத்துக்கொண்டு வந்தாள். அத்தான் வண்டிக்கு இருந்த கம்பி அவள் வண்டிக்குப் பொருந்தவில்லை.

கீரனூர் மாலதி:
தானே பட்டறைக்குப் போய் வைத்துக்கொண்டாரா? 1992-இல், திருமயம் பக்கத்தில், ஒரு பெண் தனியாக வெல்டிங் பட்டறைக்குப் போய் தன் வண்டிக்குக் கம்பி வைக்கச் சொல்லியிருக்கிறார். அதை எழுதிய கையோடு அறிவொளியால் ஒன்றும் விளையவில்லை என்றும் எழுதுகிறீர்கள்.

தஞ்சைத் தணிகாசலம்:
கூடப் போக ஆள் இல்லாததால் தனியாகப் போனாள். நான் எழுதியதைச் சரியாகப் படியுங்கள்.

அன்னவாசல் ஆறுமுகம்:
ஐயா, அத்தான் வண்டிக் கம்பி பொருந்தவில்லை என்றால் அக்காவின் வண்டி லேடீஸ் சைக்கிளாகத்தான் இருந்திருக்கும். அப்படியானால் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவே இல்லை என்று மாலதி அக்கா எழுதியது தவறு.

கீரனூர் மாலதி:
ஒரு வண்டியை வைத்துக்கொண்டு நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்களா, தம்பி?