அண்ணனுக்கு இருப்பது தன்மோக ஆளுமைக் கோளாறா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அது என் அண்ணனின் பெருமையில்தான் வந்து நிற்கும். லேசாகக் குறை சொன்னால் போதும், ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டான். "இவர் நார்சிசிஸ்ட்தான்" (அதாவது, தன்மோக ஆளுமைக் கோளாறு உள்ளவர்) என்று அண்ணி முடிவே கட்டிவிட்டார். இணையத்தில் கிடைத்த கேள்வித்தாளை அவனுக்காக அவரே நிரப்பி மதிப்பெண்ணும் போட்டாயிற்று!

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 என்ற, மனநோய்களைக் கண்டறிய உதவும் கையேடு இந்தக் கோளாறுக்கு 9 அடையாளங்களைச் சொல்கிறது. குறைந்தது 5 இருக்க வேண்டும். அதுவும் இளவயதிலிருந்தே, வீடு, வேலை என்று எல்லா இடத்திலும் தொடர்ந்து வருவதாக இருக்க வேண்டும். வெறும் தற்பெருமை நோயாகாது. மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோயின் எழுச்சிக் கட்டத்திலும் இப்படிப் பெருமை பேசுவார்கள் என்பதால் அதையும் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் இதைத் தனிப் பிரிவாக வைக்கவே இல்லை, ஆளுமைக் கோளாறின் தீவிரத்தைத்தான் அளக்கிறது.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதில்தான் தலை சுற்றுகிறது. 2008-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 6.2 சதவீதம், ஆண்களில் 7.7, பெண்களில் 4.8. வேறு சில ஆய்வுகளில் 1 சதவீதம்கூட இல்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முக்கியமான கேள்வி: முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதா, உளவியலாளரையா? குடும்பத்தாரிடமும் விசாரிப்பார்களா? அண்ணன் நிச்சயம் வரமாட்டான். அண்ணி மட்டும் போனால் பயன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள். "விட்டு விலகச் சொல்லுங்கள்" என்ற யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.