தண்ணீரில் காலை நனைத்து நக்கும் பூனை: வழி சொல்லுங்கள்

வணக்கம். 3 வயது ஆண் பூனை, 4 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைக்காது. முன்னங்காலை நனைத்து, விரலிடுக்கு வரை நக்கும். கிண்ணத்தைத் தட்டித் தட்டிக் கவிழ்ப்பதும் உண்டு. பார்க்க அழகுதான், தரை துடைப்பவரைக் கேட்டால் தெரியும்.

பூனைக்கு மிக அருகில் இருப்பது தெளிவாகத் தெரியாது. அசையாத நீர்மட்டத்தைக் காலால் தொட்டுப் பார்க்க அதுவே காரணமாக இருக்கலாம் என்று, அகலமான, கனத்த பீங்கான் கிண்ணத்தில் எப்போதும் ஒரே அளவு நிரப்புகிறோம். சாப்பாட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி வைத்தாயிற்று. கவிழ்ப்பது நின்றது, நனைப்பது நிற்கவில்லை.

கவலை, உள்ளே போகும் அளவைப் பற்றித்தான். சாப்பிடுவது முழுக்க உலர் தீனி, அதில் ஈரம் சுமார் 10 சதவீதமே. இந்த எடைக்கு உணவிலுள்ள ஈரத்தோடு சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 200 மி.லி. வேண்டும். காலை நக்கி அவ்வளவு போகுமா? சிறுநீர் இப்போதைக்குச் சரியாகப் போகிறது. (முக்கியும் வரவில்லை என்றால் ஆண் பூனைக்கு உயிராபத்து, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது தெரியும்.)

பூனை குடிக்கத் தண்ணீரை பம்ப் வைத்து ஓடவிடும் மோட்டார் ஊற்று வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: பம்ப் சத்தத்துக்கு மிரளாமல் எப்படிப் பழக்கினீர்கள்? உள்ளே படியும் வழுவழுப்பை எத்தனை நாளுக்கொருமுறை கழுவுகிறீர்கள்? ஈர உணவுக்கு மாற்றுவதென்றால், வயிறு கெடாமலிருக்க எந்த அளவில் கலந்து தொடங்கலாம்?