அன்டன் கேசிங்கை அறிந்தவர்கள், பார்த்தவர்கள், கேட்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

உட்ரெக்ட்டிலிருந்து:

நெதர்லாந்து ஜூடோ வீரர் அன்டன் கேசிங்க் பிறந்ததும் 2010-இல் மறைந்ததும் உட்ரெக்ட் நகரில்தான். நான் இங்கே குடிவந்தபோது அவர் இல்லை. ஆனால் அவருடைய பிடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஜூடோ ஆசிரியர் எழுபதைத் தாண்டியவர். இளம்வயதில் கேசிங்கிடம் பயின்றவர். ஒரு மாலை வகுப்பில் 'கெசா கத்தாமே' என்னும் தரைப்பிடியைக் கற்றுத்தருவதற்காக என்னைப் பாயில் சாய்த்தார். ஒரு கை என் கழுத்தைச் சுற்றி வளைத்தது. என் வலக்கையைத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு, விலாவை ஒட்டி அமர்ந்தார். எளிதில் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். திமிறத் திமிற மூச்சு வெளியே போனதே தவிர, உள்ளே வரவில்லை. இத்தனைக்கும் அவர் என்னைவிட மெலிந்தவர். நான் எந்தப் பக்கம் நெளிந்தாலும், அந்த அசைவு முடிவதற்குள் அவர் அங்கே வந்துவிட்டிருந்தார்.

அதனால்தான், 'கேசிங்க் 1.98 மீட்டர் உயரம், உடல் வலுவால் ஜெயித்தார்' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. ஐரோப்பியப் பட்டங்களைக் குவித்த பிறகும் ஜப்பானுக்குப் போய், தென்ரி பல்கலைக்கழக மாணவர்களோடு பாயில் புரண்டு பயின்ற மனிதர் அவர். 1956-இல் டோக்கியோவில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஜப்பானின் யோஷிமாட்சுவிடம் தோற்று மூன்றாம் இடத்தோடு திரும்பினார். 1961-இல் பாரிஸில் ஜப்பானின் கோஜி சோனேயை வீழ்த்தி, ஜப்பானியர் அல்லாத முதல் உலகச் சாம்பியன் ஆனார். அப்போது உலகப் போட்டியில் எடைப் பிரிவுகளே கிடையாது. எல்லோருக்கும் ஒரே பட்டம்தான்.

டோக்கியோவிலிருந்து:

புடோகான் அரங்கத்துக்கு என் அலுவலகத்து மூத்தவர் ஒருவரோடு போயிருந்தேன். 1964 ஒலிம்பிக்கின் ஜூடோவுக்காகக் கட்டப்பட்ட அரங்கம் அது. அந்த ஒலிம்பிக்கில்தான் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அந்த மூத்தவர் அப்போது பள்ளிச் சிறுவன். அக்டோபர் 23 அன்று வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார்களாம். மூன்று எடைப் பிரிவுகளின் தங்கமும் ஏற்கெனவே ஜப்பானுக்கு வந்துவிட்டன. மீதமிருந்தது எடை வரம்பற்ற பிரிவு. ஜப்பானியர்களுக்கு ஜூடோ என்றால் அந்தப் பிரிவுதான்.

ஜப்பானின் அகியோ கமினாகா முற்சுற்றிலேயே கேசிங்கிடம் ஒருமுறை தோற்று, மறுவாய்ப்புச் சுற்றில் மீண்டு இறுதிக்கு வந்திருந்தார். இந்த விவரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் அதே ஆளிடம் மறுபடியும் போய் நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஒன்பது நிமிடங்களைக் கடந்து ஆட்டம் நீண்டது. கமினாகாவின் தாக்குதல் ஒன்று பிசகியதும் கேசிங்க் அவரைத் தரையோடு அமுக்கிவிட்டார். மேலே உட்ரெக்ட் நண்பர் சொன்ன அதே கெசா கத்தாமே. முப்பது விநாடிகள். ஆட்டம் முடிந்தது.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், அம்மா அழுதார் என்றார் அந்த மூத்தவர். ஆனால் அவர் திரும்பத் திரும்பப் பேசியது அதற்கடுத்த சில நொடிகளைப் பற்றித்தான். மகிழ்ச்சி தாங்காமல் நெதர்லாந்துக்காரர்கள் பாயை நோக்கி ஓடிவர, கேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். எதிராளிக்கு வணக்கம் செலுத்தும்வரை ஆட்டம் முடியவில்லை. பாயில் வேறு யாருக்கும் இடமில்லை. "அந்தக் கையைப் பார்த்த பிறகு அவரை அந்நியர் என்று எங்களால் சொல்ல முடியவில்லை" என்றார் அவர். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மீண்டும் உட்ரெக்ட்டிலிருந்து:

அருமை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டிகளில் ஒருவர் வெள்ளையும் ஒருவர் நீலமும் உடுத்துகிறார்களே, அந்த நீல உடைக்காக வாதாடியவரும் கேசிங்க்தான். பார்வையாளருக்கும் நடுவருக்கும் யார் யாரை வீழ்த்தினார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். மரபு கெடுகிறது என்று ஜப்பான் கடுமையாக எதிர்த்தது. உலக ஜூடோ கூட்டமைப்பு 1997-இல் ஏற்றுக்கொண்டது. மரபை இவ்வளவு மதித்தவர் கேட்டதால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து:

கேசிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் விம் ரூஸ்காவை மறந்துவிடுவது எனக்கு வருத்தம். எங்கள் ஊர்க்காரர், கடற்படையில் இருந்தபோது ஜூடோ கற்றவர். 1967-இல் உலகச் சாம்பியன். அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜூடோவே இல்லை. காத்திருந்து 1972-இல் மியூனிக் போனார். அப்போது வயது 32. அதிக எடைப் பிரிவிலும் வரம்பற்ற பிரிவிலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் தனிநபர் ஜூடோ தங்கம் இரண்டு பெற்றவர் வேறு எவரும் இல்லை. வரம்பற்ற பிரிவில் சோவியத் வீரர் விதாலி குஸ்னெத்சோவிடம் முதலில் தோற்று, இறுதியில் அவரையே வென்றார். ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பதக்கத்தைக் கொண்டாடும் மனநிலையில் யாரும் இல்லை.

என் உடற்பயிற்சிக் கூடத்தில் வயதானவர்கள் ரூஸ்காவின் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு ஆதங்கம் தெரியும். கேசிங்க் பெயரில் உட்ரெக்ட்டில் தெரு இருக்கிறது; அவர் வாழும்போதே வைத்தது. ரூஸ்காவுக்கு அந்த அளவு புகழ் கிடைக்கவே இல்லை. 1976-இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய், ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியோடு அதே புடோகானில் மோதினார். டோக்கியோ நண்பரே, அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர் எவரையேனும் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் கேட்டு எழுதுங்கள்.