திருவிழாக் காசு: ‘ஆச்சி வீடு’ குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

[இரவு 8:12] பிரேமா: பங்குனித் திருவிழாவுக்குப் பிள்ளைகள் எல்லாரும் கோவில்பட்டி வருகிறார்கள். யார் பிள்ளைக்கு எவ்வளவு திருவிழாக் காசு என்று இப்போதே பேசி முடித்துவிடுவோம். போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது.

[8:14] சங்கர்: போன வருஷம் என்ன ஆச்சு அக்கா?

[8:14] செல்வி: உனக்குத் தெரியாதா

[8:15] சங்கர்: சத்தியமாகத் தெரியாது

[8:19] பிரேமா: நீ உன் மகள் நிலா கையில் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்தாய். செல்வி தன் மகன் அகிலுக்கு 200 கொடுத்தாள். நான் என் மகன் முகிலனுக்கு 50 கொடுத்தேன், அன்றைக்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான். ராட்டினத்துக்கு ஆளுக்கு 60. சின்னதுகள் இரண்டும் மூன்று தடவை ஏறி இறங்கின. முகிலன் நிலாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றான். கேட்டதற்குத் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டான். அவனுக்குத் தலையெல்லாம் சுற்றாது.

[8:21] சங்கர்: அக்கா அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே

[8:21] பிரேமா: இப்போது சொல்கிறேன்

[8:23] திவ்யா: மதினி, நிலா அவனைக் கூப்பிட்டாளாம். அண்ணன் வரமாட்டேன் என்று சொன்னான் என்றாள். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

[8:24] செல்வி: மூன்று பேருக்கும் ஒரே தொகை. அவ்வளவுதான்.

[8:24] ராஜா: சரி

[8:25] சங்கர்: சரி. எவ்வளவு?

[8:26] செல்வி: 500

[8:26] பிரேமா: 200

[8:33] முருகேசன்: இப்போதுதான் பார்த்தேன். திருவிழா ஒரு நாள் கூத்து, அதற்கு 200 கொடுத்தாலும் 300 கொடுத்தாலும் குடி முழுகாது. மற்ற நாட்களில் என்ன செய்கிறோம் என்பதைப் பேசுங்கள். நான் 28 வருஷமாகத் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பள்ளிக்கூடங்களில் சஞ்சாயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வாத்தியார் பிள்ளைகளின் சில்லறையை மொத்தமாகக் கொண்டுவந்து கட்டுவார். வாராவாரம் தவறாமல் எந்தப் பிள்ளை போடுகிறது என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. வீட்டில் வாரம் ஒரு ரூபாய் என்றாலும் கிழமை தவறாமல் வாங்குகிற பிள்ளை. அடுத்த காசு எப்போது வரும் என்று தெரிந்தால்தான் பிள்ளை எடுத்து வைக்கும். தெரியாவிட்டால் கையில் வந்த அன்றைக்கே தின்று தீர்த்துவிடும். அதனால் தொகையைவிடக் கிழமை முக்கியம். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை.

[8:34] செல்வி: அண்ணே இன்னும் டைப் செய்கிறீர்களா

[8:34] முருகேசன்: ஆமாம் இரு

[8:40] முருகேசன்: திருவிழாவுக்கு ஒரே தொகை சரி. வாரக் காசு அப்படி இல்லை, வயதைப் பார்க்க வேண்டும். நிலாவுக்கு 9 வயது, எங்கே போனாலும் கூடவே நாம் போகிறோம், 20 ரூபாய் போதும். அகிலுக்கு 60. முகிலனுக்கு 15 வயது, டியூஷன் முடிந்து சிநேகிதப் பையன்களோடு வடை தின்பான், 100 கொடுக்கலாம். எதற்கு அந்தக் காசு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோட்டு, பேனா, செருப்பு, பஸ் நம்முடையது. தீனி, பந்து, சிநேகிதனுக்குப் பிறந்தநாள் பரிசு அவனுடையது. புதன்கிழமையே தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றால் கொடுக்கக் கூடாது. திட்டவும் கூடாது. சனிக்கிழமை தருகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

[8:41] செல்வி: 60 ரூபாயா. இங்கே ஒரு பப்ஸ் 25 அண்ணே

[8:41] சங்கர்: பெங்களூருவில் 40

[8:42] ராஜா: 20க்கும் கிடைக்கிறது

[8:42] செல்வி: எங்கே

[8:42] ராஜா: ஆபீஸ் பக்கத்தில்

[8:43] செல்வி: ஒருநாளாவது வீட்டுக்கு வாங்கி வந்திருக்கிறீர்களா

[8:45] பிரேமா: செல்வி, அகில் விஷயத்தைச் சொல். போனில் என்னிடம் சொன்னாயே.

[8:51] செல்வி: சரி, நம் வீட்டு ஆட்கள்தானே. என் போனில் யுபிஐ ரகசிய எண் அவனுக்குத் தெரியும், கடைக்கு அனுப்பும்போது நானே சொன்னதுதான். போன மாதம் போன் விளையாட்டில் ஏதோ வைரம் வாங்க நான்கு தடவையாக 380 ரூபாய் எடுத்திருக்கிறான். கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடிக்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். “கேட்டால் எதுக்குன்னு கேப்பீங்க, சொன்னா வேண்டாம்பீங்க” என்றான். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அவன் சொன்னது நிஜம்தான். எந்தக் காசுக்கும் எங்களிடம் காரணம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

[8:52] திவ்யா: ஐயோ அக்கா

[8:52] சங்கர்: ரகசிய எண்ணை மாற்றினாயா

[8:53] செல்வி: மாற்றிவிட்டேன். ஆனால் எண்ணை மாற்றினால் மட்டும் போதுமா?

[8:55] முருகேசன்: போதாது. அவனுக்கென்று ஒரு காசு இருக்க வேண்டும். அதில் வைரம் வாங்கினாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு சனிக்கிழமை வடைக்குக் காசில்லாமல் நின்றால் அவனே யோசிப்பான்.

[8:56] செல்வி: அந்த 380ஐ இதில் கழிக்கலாம் என்று இருந்தேன்

[8:57] முருகேசன்: வேண்டாம். தண்டனையைத் தனியாக வை. வாரக் காசில் கை வைத்தால் அதன் மேல் அவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

[8:57] ராஜா: மச்சான் சொல்வது சரி

[8:58] சங்கர்: செல்வி அக்கா உண்டியலை நான் உடைத்தபோது அண்ணன் இந்த மாதிரி பேசவில்லை. 1993. முதுகில் இரண்டு விழுந்தது.

[8:58] செல்வி: 47 ரூபாய்டா. பாவாடைத் துணிக்குச் சேர்த்தது. இவனுக்குக் கிரிக்கெட் மட்டை.

[8:59] சங்கர்: மட்டையை எடுத்து உன்னையும் விளையாட விட்டேனே

[9:04] பிரேமா: அம்மா குரல் பதிவு போடத் தெரியாமல் இரண்டு தடவை அழித்துவிட்டாள். நானே எழுதுகிறேன். “பிள்ளைகளுக்கு நான் 10 ரூபாய்க் காசு 63 சேர்த்து வைத்திருக்கிறேன், ஆளுக்கு 21. ஆனால் தெருமுனைக் கடைக்காரன் இந்தக் காசு செல்லாது என்கிறான்.”

[9:05] சங்கர்: இங்கேயும் ஆட்டோக்காரர்கள் வாங்குவதில்லை

[9:05] திவ்யா: ரூபாய்க் குறி இல்லாத காசு செல்லாது என்றார்களே

[9:09] முருகேசன்: எல்லாம் செல்லும். குறி போட்டதும் செல்லும், போடாததும் செல்லும். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தது. சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 14440 எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். செல்லாமல் போனது நாலணாதான், 2011 ஜூன் 30ஓடு. அம்மாவிடம் சொல், என் கவுண்டரில் கொடுத்தால் நானே தாளாக மாற்றித் தருகிறேன்.

[9:11] பிரேமா: சொன்னேன். மாற்ற வேண்டாமாம். கையில் கொடுத்தால் கனமாக இருக்க வேண்டுமாம்.

[9:12] செல்வி: அம்மா

[9:16] சங்கர்: ஒரு யோசனை. வீட்டு வேலை செய்தால் காசு என்று வைக்கலாமா? பாத்திரம் விளக்கினால் 5, துணி மடித்தால் 5. நிலாவின் சிநேகிதி வீட்டில் அப்படித்தான்.

[9:18] பிரேமா: அம்மா கேட்டுவிட்டாள். “இன்றைக்குப் பாத்திரத்துக்குக் காசு கொடு, நாளைக்கு நான் தண்ணீர் கேட்டால் கையை நீட்டும்.”

[9:19] திவ்யா: அத்தை சொல்வதுதான் எனக்கும் சரி என்று படுகிறது

[9:23] பிரேமா: முகிலன் அம்மாவுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கி வருகிறான். வங்கிக்குக் கூட்டிப்போகிறான். கரண்ட் போனால் விசிறுகிறான். யாரும் அவனுக்குக் கூலி கொடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எல்லாரும் மாதம் பணம் அனுப்புகிறீர்கள், அதில் ஒரு பிள்ளை ஓடி ஓடி வேலை செய்கிறது என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

[9:24] சங்கர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:29] முருகேசன்: முகிலனின் வாரக் காசை நான் தருகிறேன் பிரேமா.

[9:30] பிரேமா: அதற்காகச் சொல்லவில்லை அண்ணே

[9:31] முருகேசன்: தெரியும்

[9:36] பிரேமா: 1990இல் உனக்குக் கன்னியாகுமரிச் சுற்றுலாவுக்கு அப்பா 15 ரூபாய் கொடுத்தார். எனக்குக் கேட்டதற்கு அடுத்த வருஷம் என்றார். அடுத்த வருஷமும் அடுத்த வருஷம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரிடம் காசு இல்லை. முகிலன் ராட்டினத்துக்குக் கீழே நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது.

[9:41] முருகேசன்: உனக்குச் சங்கு மாலை வாங்கி வந்தேன்.

[9:42] பிரேமா: இப்போதும் இருக்கிறது

[9:44] செல்வி: அக்கா நாளைக்குக் காலையில் போன் செய்கிறேன்

[9:50] முருகேசன்: இன்னொன்று. முகிலனும் அகிலும் 10 வயதைத் தாண்டியவர்கள். தபால் ஆபீஸில் 500 ரூபாய் கட்டி அவர்கள் பேரிலேயே கணக்குத் தொடங்கி, அவர்களே போடலாம், எடுக்கலாம். வங்கிகளிலும் 10 வயதுக்கு மேல் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது, எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். சங்கர், நிலாவுக்குச் செல்வமகள் கணக்கு, பெண் பிள்ளைகளுக்கான சேமிப்புக் கணக்கு, போட்டாயா? 10 வயது முடிந்தால் தொடங்க முடியாது.

[9:51] சங்கர்: போட வேண்டும் அண்ணே

[9:51] செல்வி: மூன்று வருஷமாகப் போட வேண்டும்

[9:52] திவ்யா: மே மாதம் அவளுக்கு 10 முடிகிறது. திருவிழாவுக்கு வரும்போது அத்தான் ஆபீஸிலேயே போட்டுவிடலாமா?

[9:54] முருகேசன்: போடலாம். பிறப்புச் சான்றிதழ், சங்கரின் ஆதார், பான், போட்டோ. குறைந்தது 250 ரூபாய், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். விடுமுறை நாளில் வந்து நிற்காதீர்கள்.

[9:55] சங்கர்: மைசூர் தூத்துக்குடி வண்டியில் இடம் கிடைத்தால்தான். இப்போது காத்திருப்போர் பட்டியல் 31.

[9:55] ராஜா: அகிலுக்குப் பரீட்சை அட்டவணையே இன்னும் வரவில்லை

[9:56] செல்வி: அக்கா கடலைமிட்டாய் 2 கிலோ சொல்லி வை

[9:58] திவ்யா: மதினி, வாரக் காசு இந்தச் சனிக்கிழமையே எங்கள் வீட்டில் ஆரம்பிக்கிறேன். 20 ரூபாய். நிலாவிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுகிறாள்.

[10:02] பிரேமா: முகிலன் வந்துவிட்டான், யாரோடு பேசுகிறாய் என்று எட்டிப் பார்க்கிறான். மீதியை நாளைக்குப் பேசுவோம்.

[10:03] சங்கர்: அப்போது திருவிழாவுக்கு 200ஆ 300ஆ?

[10:03] ராஜா: 300

[10:04] செல்வி: 500 என்று சொன்னேனே

[10:09] பிரேமா: அம்மாவின் 210 தனி. மற்றதை நாளைக்கு.